பல்லுக்குக் கிளிப் போட்டாயிற்று, இனி ஈறைக் காப்பது எப்படி?

கிளிப் போட்ட முதல் வாரத்தில் எல்லோருடைய கவனமும் வலியின் மேல்தான் இருக்கும். கன்னத்தில் குத்துகிறது, உதட்டில் புண், தோசையைக்கூட மெல்ல முடியவில்லை என்று கஞ்சியிலும் தயிர் சாதத்திலும் நாள் ஓடும். அது தானாகவே அடங்கிவிடும். ஈறு பிரச்சினை வேறு மாதிரி. முதல் மாதத்தில் பெரும்பாலும் தலைகாட்டாது, வந்தாலும் அவ்வளவாக வலிக்காது. மூன்றாவது நான்காவது மாதம் கம்பி மாற்றப் போகும்போது, மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு “பல் தேய்க்கிறீர்களா இல்லையா?” என்று கேட்பார். பலருக்கு விஷயம் தெரியவருவது அப்போதுதான். தேய்க்கத்தான் செய்திருப்பார்கள், ஆனால் தேய்க்க வேண்டிய இடத்தில் தேய்த்திருக்க மாட்டார்கள்.

கண்ணாடி முன் நின்று மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பிராக்கெட்டின் (பல்லில் ஒட்டியிருக்கும், கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டு) விளிம்புக்கும் ஈறு தொடங்கும் கோட்டுக்கும் நடுவில் குறுகலாக ஒரு பட்டை பல் தெரியும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கிளிப் வாயில் இருக்கிற ஒன்றரை, இரண்டு வருடமும் ஈறின் தலையெழுத்து அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள்.

அங்கே என்ன நடக்கிறது

பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே கிருமிகள் சேர்ந்து பல்லின் மேல் பசைபோலப் படிய ஆரம்பிக்கும். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் தட்டுப்படும் ஊத்தை அதுதான். சாதாரணமாக உதடும் கன்னமும் நாக்கும் உரசுவதிலேயே பல்லின் வெளிப்பக்கம் ஓரளவு சுத்தமாகிவிடும். பிராக்கெட் வந்து நின்றதும் அந்த உரசல் போய்விடுகிறது. ஊத்தைக்கு ஒதுங்கி நிற்க ஒரு திண்ணை கிடைத்த மாதிரி. அப்படியே விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் அதில் படிந்து காரையாக இறுகும். ஊத்தையை பிரஷ் எடுத்துவிடும். காரையை எடுக்க மருத்துவர்தான் வேண்டும்.

1965-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டியது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்டு லோ என்பவரும் அவருடைய குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொல்லிக் கவனித்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி ஒழுங்காகத் துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. கிளிப் இல்லாத வாய்க்கே இந்தக் கதை. வெறும் அழற்சியாக இருக்கும்வரை ஈறு திரும்பி வந்துவிடும் என்பதும் இதில் இருக்கிற நல்ல செய்தி. அதையும் தாண்டி நோய் உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைய ஆரம்பித்தால், கரைந்த எலும்பு தானாக வளராது.

கிளிப் போடும் முன்பே செய்ய வேண்டியது

இன்னும் போடவில்லை என்றால், முதலில் ஸ்கேலிங் செய்து காரையை எடுத்துவிட்டு, ஈறு நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகே போட்டுக்கொள்ளுங்கள். முப்பது, நாற்பது வயதில் கிளிப் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். ஈறு நோய் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு இழப்பு வேகமாகும். எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், நிஃபெடிபின், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டும். சர்க்கரை நோய், இதய வால்வு பிரச்சினை, கர்ப்பம் இருந்தாலும் முதல் நாளே சொல்ல வேண்டும்.

என்னென்ன வாங்க வேண்டும்

மென்மையான நார் கொண்ட பிரஷ் ஒன்று. கிளிப்புக்கென்றே நடுவில் பள்ளம் விட்ட பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தலை சின்னதாக உள்ள சாதாரண சாஃப்ட் பிரஷ் போதும். ஹார்டு பிரஷ் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, இன்டர்டென்டல் பிரஷ். சின்னதாக, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி போல இருக்கும். கம்பிக்கு அடியில் நுழைவது இதுதான். என்னைக் கேட்டால், ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள் என்பேன். பல அளவுகளில் வரும். உங்கள் பல்லுக்கு எது சரி என்று மருத்துவமனையிலேயே காட்டச் சொல்லி வாங்குவது நல்லது. இறுக்கிப் பிடித்துத் திணிக்க வேண்டியிருந்தால் அது பெரிய அளவு.

அப்புறம் ஃபுளோரைடு பேஸ்ட் (டியூபில் 1000 பிபிஎம் என்றோ அதற்கு மேலோ போட்டிருக்க வேண்டும்), கிளிப்புக்கான சூப்பர்ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்), குத்தும் இடத்தில் ஒட்ட மெழுகு, ஒரு கைக்கண்ணாடி. தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாஸர் வசதியான பொருள்தான், ஆனால் விலை அதிகம். உணவுத் துணுக்கை நன்றாக அடித்து வெளியேற்றும். அது இருக்கிறது என்று பிரஷ்ஷைக் குறைக்க முடியாது.

தேய்க்கும் முறை

வாயில் மாட்டும் குட்டி ரப்பர் பேண்ட் இருந்தால் முதலில் கழற்றிவிட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். மாட்டியிருக்கும் சோறும் கீரையும் போனால்தான் பிரஷ்ஷுக்கு வேலை சுலபம்.

இப்போது பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் வையுங்கள். நார்கள் ஈறைப் பார்த்து 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். மேல் பல் என்றால் மேல் நோக்கி, கீழ்ப் பல் என்றால் கீழ் நோக்கி. பாதி நார் ஈறின் விளிம்பிலும் பாதி நார் அந்தப் பட்டையிலும் படும். அப்படியே சின்னதாக அதிர்வது போல ஏழெட்டுத் தடவை அசைத்துவிட்டு, அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். அழுத்த வேண்டாம். நார் விரிந்து படுத்துவிட்டால் கை அழுத்துகிறது என்று அர்த்தம்.

ஒரு சுற்று முடிந்ததும் பிரஷ்ஷை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, பிராக்கெட்டின் மறு விளிம்பைத் தேயுங்கள். மூன்றாவது சுற்று பிராக்கெட்டின் மேலேயே நேராக. பிறகு மெல்லும் பகுதி, கடைசியாக உட்பக்கம். உட்பக்கத்தில் கம்பி இல்லை என்பதால் அதை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவோம். ஆனால் கீழ் முன்பற்களின் உட்பக்கம்தான் காரை முதலில் படியும் இடம். அங்கே பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு தேய்க்க வேண்டும்.

பிரஷ் போய்ச் சேராமல் தப்பிக்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான்: கை திரும்பும் கோரைப்பல் மூலை, கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டியிருக்கும் உலோக பேண்டின் ஓரம், வரிசை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் பல். இந்த மூன்றையும் கடைசியில் இன்னொரு தடவை பாருங்கள்.

அடுத்து இன்டர்டென்டல் பிரஷ். ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் இரண்டு பக்கமும், கம்பிக்குப் பின்னால் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை. பேஸ்ட் தேவையில்லை, தண்ணீரில் நனைத்தாலே போதும். இரவில் மட்டும் சூப்பர்ஃப்ளாஸ். அதன் ஒரு முனை விறைப்பாக இருக்கும். அதைக் கம்பிக்கு அடியில் ஊசிபோல நுழைத்து இழுத்து, பஞ்சு மாதிரி இருக்கும் பகுதியைப் பல்லோடு ஒட்டி மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். முதல் சில நாள் இதற்கே கால் மணி நேரம் ஆகும், எரிச்சல் வரும். டிவி பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கை பழகிவிடும்.

முடித்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள். அதன்பின் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு போய்விடும். மொத்தத்தில் காலையில் நான்கைந்து நிமிடம், இரவில் அதைவிடக் கூடுதல். எந்த வேளை கெட்டாலும் இரவு வேளை கெடக் கூடாது. தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால் கிருமிகளுக்கு அது கொண்டாட்டம்.

சரியாகத் தேய்த்தோமா என்று சந்தேகமாக இருந்தால் ஊத்தை இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும் மாத்திரை பல் மருத்துவரிடம் கேட்டால் கிடைக்கும். மென்று கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் விட்ட இடமெல்லாம் கலராக நிற்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் நூறு தடவை கத்துவதைவிட இதை ஒரு தடவை காட்டுவது மேல்.

ரத்தம் வந்தால்

இங்கேதான் நிறையப் பேர் நேர் எதிராகச் செய்கிறார்கள். பிரஷ் பட்டதும் ரத்தம் வருகிறது, ஈறுக்குக் காயம் பட்டுவிட்டது என்று அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்ப்பார்கள். அங்கே ஊத்தை இன்னும் சேரும், ஈறு இன்னும் வீங்கும், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ரத்தம். ரத்தம் வரும் இடம்தான் பிரஷ் போய்ச் சேராத இடம். மென்மையாக, ஆனால் விடாமல் அங்கேயே தேய்க்க வேண்டும். ஏழு முதல் பத்து நாளில் ரத்தம் குறைந்துவர வேண்டும். இரண்டு வாரமாகியும் குறையவில்லை என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எல்லா நோட்டீஸிலும் அச்சடித்திருப்பார்கள். நம்மில் நிறையப் பேருக்கு ஈறு இயல்பிலேயே பழுப்பாகவோ கறுப்புத் திட்டுகளுடனோ இருக்கும். தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் அது, நோய் இல்லை. அதனால் நிறத்தை மட்டும் நம்பினால் இரண்டு விதமாகவும் ஏமாறலாம். நல்ல ஈறைக் கெட்டது என்று பயப்படுவோம், கறுத்த ஈறின் மேல் வந்த சிவப்பைக் கவனிக்காமலும் விடுவோம். நீங்கள் பார்க்க வேண்டியது வடிவத்தை. இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் ஈறு முனை கூர்மையாக, பல்லோடு ஒட்டி இருக்கிறதா, இல்லை உருண்டு, பளபளவென்று, மொழுமொழுவென்று இருக்கிறதா? கிளிப் போட்ட அன்றைக்கே உதட்டைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒன்று எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும்.

வீக்கம் வளர்ந்து பிராக்கெட்டையே மூட ஆரம்பிப்பதும் உண்டு. பருவ வயதுப் பிள்ளைகளுக்கு ஹார்மோன் மாற்றமும் சேர்ந்துகொள்வதால், கொஞ்சம் ஊத்தைக்கே ஈறு பெரிதாக வீங்கும். வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு மேல் முன்பற்களின் ஈறு காய்ந்துபோய் அங்கே மட்டும் தடித்திருக்கும். இரவில் வாய் திறந்து தூங்கும் பிள்ளையாக இருந்தால் மூக்கடைப்பைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்ட வேண்டும். சுத்தம் செய்தும் வீக்கம் அடங்காவிட்டால், மருத்துவர் கம்பியைக் கொஞ்ச நாள் கழற்றி வைக்கலாம், அல்லது ஈறு நிபுணர் அதிகப்படியான ஈறை வெட்டிச் சீர்செய்யலாம். பயப்படும்படியான சிகிச்சை இல்லை. ஆனால் அதோடு கிளிப் போட்டிருக்கும் காலமும் நீண்டுவிடும்.

புகை பிடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நோய் இருந்தும் ரத்தம் வராமல் போகலாம். ரத்தம் வரவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

சாப்பாடு

முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பு, ஐஸ் கட்டி எல்லாம் பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும் என்று மருத்துவரே சொல்லியிருப்பார். பெயர்ந்த பிராக்கெட் கம்பியில் ஆடிக்கொண்டு ஈறைக் குத்தும், சுற்றிலும் அழுக்கு சேரும். அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஈறு விஷயத்தில் இதைவிட மோசம், ஒட்டிக்கொள்வதும் நார் நாராகச் சிக்குவதும். முருங்கைக்காயை மென்று துப்பும் சுகத்தைக் கொஞ்ச காலம் மறந்துவிடலாம். சதையை மட்டும் வழித்துச் சாப்பிடுங்கள். மாம்பழத்தைத் துண்டு போட்டுத்தான். கொய்யா, ஆப்பிள், கேரட் எல்லாம் சின்னதாக நறுக்கி. ஜவ்வு மிட்டாய், சாக்லேட், பிஸ்கெட் ஆகியவை பிராக்கெட் ஓரத்தில் பசையாக அப்பிக்கொள்ளும். சர்க்கரை போட்ட டீயை நாள் முழுக்க அரை அரை டம்ளராகக் குடிப்பதும் அப்படித்தான். குடிக்க வேண்டியதைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக் குடித்துவிட்டுக் கொப்பளித்துவிடுங்கள். கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்திருக்கும் வெள்ளை ரப்பர் வளையம் சாம்பார் மஞ்சளில் மஞ்சளாகிவிடும். அதைப் பார்த்து அழுக்கு என்று கவலைப்பட வேண்டாம், அடுத்த முறை மாற்றிவிடுவார்கள்.

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஒரு சின்ன டப்பாவில் இன்டர்டென்டல் பிரஷ்ஷும் கண்ணாடியும் போதும். மதியம் பேஸ்ட் போட்டுத் தேய்க்க முடியாவிட்டாலும் கொப்பளித்து ஒரு சுற்று இடுக்கு சுத்தம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊக்கு, குண்டூசி, ஈர்க்குச்சியால் குத்தி எடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பல்பொடி, உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய்

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சொன்ன காலத்தில் பிராக்கெட் கிடையாது. வேப்பங்குச்சி கம்பிக்கு அடியில் நுழையாது. விரலால் பல்பொடி தேய்த்தாலும் அந்தப் பட்டைக்கு விரல் எட்டாது. கரி, செங்கல் தூள் வகையறாக்கள் எனாமலைத்தான் தேய்க்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது, கம்பி குத்திய புண்ணுக்கும் வீங்கிய ஈறுக்கும் இதமாக இருக்கும். நல்லெண்ணெய் கொப்பளிக்கிறவர்கள் கொப்பளிக்கலாம், ஆனால் பிரஷ்ஷுக்குப் பதிலாக அல்ல.

மவுத் வாஷைப் பொறுத்தவரை, தினசரிக்கு ஃபுளோரைடு உள்ளது நல்லது. குளோர்ஹெக்சிடின் உள்ளது மருந்து மாதிரி. மருத்துவர் சொன்னால் சொன்ன நாளுக்கு மட்டும், பொதுவாக இரண்டு வாரம் போல. கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் ஊற்றினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே அதைக் கொப்பளித்தால் அதன் வேலை குறையும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பல்லை ஆட வைப்பது காரையும் அதற்கடியில் நடக்கும் நோயும்தான். பல வருடக் காரை இடுக்கை அடைத்து நின்றுவிட்டு, அதை எடுத்ததும் இடைவெளி தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. கிளிப் இருக்கும் காலத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேலிங் தேவைப்படும். சிலருக்கு இன்னும் சீக்கிரமாக.

மாதாந்திரப் பரிசோதனையில் பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதற்கு முன், “ஐந்து நிமிடம் பிரஷ் பண்ணிக்கொள்ளட்டுமா டாக்டர்?” என்று கேளுங்கள். கம்பி இல்லாமல் பல்லைத் தேய்க்க அதுதான் சந்தர்ப்பம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஈறு அடிக்கடி வீங்கினால், ரப்பர் வளையத்துக்குப் பதில் மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்டலாமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். செலவு இடிக்கிறது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பல் சீரமைப்புத் துறையும் ஈறு நோய்த் துறையும் இருக்கின்றன.

மருத்துவர் சொல்லாத எந்த ரப்பரையும் பல்லில் மாட்டாதீர்கள். முன்பல் இடைவெளியை மூட ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொள்ளும் வீடியோக்கள் சுற்றுகின்றன. பல் வேர் கீழே போகப் போகக் குறுகும் என்பதால் ரப்பர் மெல்ல ஈறுக்குள் வழுக்கி இறங்கிவிடும். வெளியே தெரியாமலே எலும்பைத் தின்று, நல்ல பல்லே விழும்வரை கொண்டுபோய்விடும்.

சீழ், ஈறில் கட்டி, காய்ச்சலோடு முக வீக்கம், நன்றாகத் தேய்த்தும் போகாத துர்நாற்றம், ஈறு இறங்கி வேர் தெரிவது, ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக ஆடுவது ஆகியவை உடனே காட்ட வேண்டியவை. நகரும் பற்கள் லேசாக ஆடுவது மட்டும் இயல்பு.

கழற்றிய பிறகு

கிளிப்பை எடுத்ததும் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, ஒரு தடவை முழுதாக ஸ்கேலிங் செய்துவிடுவார்கள். லேசான வீக்கம் இருந்தால் அடுத்த சில வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்க, கீழ் முன்பற்களின் பின்னால் ஒரு மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டுவது வழக்கம். நாக்குக்கு அடியில்தான் எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கிறது என்பதால் அந்த இடத்தில் காரை சீக்கிரம் கட்டும், கண்ணுக்கும் தெரியாது. மிச்சம் இருக்கிற சூப்பர்ஃப்ளாஸைத் தூக்கிப் போடாதீர்கள். இரவில் அந்தக் கம்பிக்கு அடியில் நுழைத்து எடுக்க அதுதான் வேண்டும்.